தாய்மாமன் மடி

மஞ்சு,

இந்தக் கடிதத்தை ரவி கையில் கொடுத்து அனுப்புகிறேன். தபாலில் போட்டால் உங்கள் வீட்டில் முதலில் யார் கைக்குப் போகுமோ என்ற பயம் ஒரு பக்கம். தபால்பெட்டி வரைக்கும் போய், மனசு மாறி, முந்தானையில் சுருட்டிக்கொண்டு திரும்பிவிடுவேன் என்ற பயம் இன்னொரு பக்கம். என் லட்சணம் எனக்குத் தெரியும். அதனால்தான் உன் அண்ணனையே அனுப்புகிறேன். அவன் கொண்டுபோனால் திரும்ப வாங்க முடியாது. கையில் வேலை இருந்தால் வைத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு, உட்கார்ந்து படி.

சுற்றி வளைக்காமல் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். நீ இங்கே ஓசூரில் பிரசவத்துக்கு வந்து இருந்தபோது, போன மாதம் குழந்தைக்குச் சளி பிடித்துக் காய்ச்சல் வந்ததே, அப்போது அவன் நனைத்த துணியில் ஒரு கறை இருந்தது. அப்பாவின் பழைய வேட்டியைக் கிழித்துப் போட்ட வெள்ளைத் துணி. டீத்தண்ணீர் சிந்தியது மாதிரி, ஓரத்தில் லேசாகச் சிவப்போடிய கறை. நீ தூங்கிக்கொண்டிருந்தாய். நான் அந்தத் துணியை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய், சோப்புப் போட்டு, கசக்கி, நீலம் போட்டு, வெயிலில் காயவைத்துவிட்டேன். அடுத்த நாளும் அப்படித்தான். நீ எழுந்து, 'ஏம்மா, எல்லாத் துணியையும் நீயே தொவச்சிட்ட, நான் சும்மாதான இருக்கறன்' என்று கேட்டாய். 'பெத்த உடம்பு, தண்ணியில கை வைக்காத' என்றேன். எவ்வளவு நல்ல அம்மா என்று நீ நினைத்திருப்பாய். காய்ச்சல் விட்டதும் கறையும் நின்றுவிட்டது. நானும் வாயை மூடிக்கொண்டேன். அது உடம்புச் சூட்டில் வந்த கறை இல்லை, மஞ்சு. குழந்தையின் மூத்திரத்தில் ரத்தம். அந்தக் கோளாறு உன்னிடமிருந்து அவனுக்குப் போயிருக்கும், என்னிடமிருந்து உனக்கு வந்திருக்கும். குழந்தையை உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும். இதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். மற்றதெல்லாம் இதை ஏன் நான் முன்னமே சொல்லவில்லை என்பதற்கான கதை. அதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

உனக்கு ஒரு மாமன் இருந்தான் என்பது உனக்குத் தெரியும். பெயர் மாதையன். என் கூடப்பிறந்த அண்ணன். நீ பிறப்பதற்கு முன்பே போய்விட்டான். கல் குவாரியில் வேலை செய்தான், வெடிச் சத்தத்தில் காது போனது, அப்புறம் மஞ்சள் காமாலை வந்து செத்தான் என்றுதான் உனக்குச் சொல்லியிருக்கிறேன். உன் அப்பாவுக்கும் அப்படித்தான் தெரியும். இத்தனைக்கும் உன் அப்பா எனக்கு அத்தை மகன், அந்நியம் இல்லை. ஆனால் அவர்கள் இருந்தது கிருஷ்ணகிரி, நாங்கள் இருந்தது கெலவரப்பள்ளிப் பக்கம். நல்லது கெட்டதுக்குத்தான் பார்த்துக்கொள்வோம். வருஷத்துக்கு ஒரு முறை வந்து போகிற சொந்தத்திடம் எதையும் மறைத்துவிடலாம்.

அண்ணனும் நானும் சின்ன வயதில் ஆடு ஓட்டிக்கொண்டு ஆற்றுப் பக்கம் போவோம். அங்கே வெள்ளைப் பாறை ஒன்று உண்டு. அவன் அந்தப் பக்கம் திரும்பி நின்று ஒன்றுக்குப் போய்விட்டு வந்தால் பாறையில் செம்மண் கரைத்து ஊற்றியது மாதிரி இருக்கும். சளிக்காய்ச்சல் வந்தால் இன்னும் கெட்டியாக இருக்கும். நான் ஓடிப்போய் எங்கம்மாவிடம் சொன்னேன். எங்கம்மா என் வாயைப் பொத்தி, 'இத வெளிய சொன்னீன்னா உங்கண்ணனுக்கு ஒருத்தரும் பொண்ணு குடுக்க மாட்டாங்க, தெரிஞ்சுதா' என்று மிரட்டியது. அப்புறம் காதும் மந்தமாகிக்கொண்டே வந்தது. குவாரிக்குப் போவதற்கு ரொம்ப முன்னாலேயே, மஞ்சு. மீசை முளைக்காத வயதிலேயே பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்பமாட்டான். கவனமில்லாத பையன் என்று பேர் வாங்கினான். குவாரிக்குப் போன பிறகு எங்கள் வீட்டில் எல்லோருக்கும் ஒரு நிம்மதி. வெடியில் காது போச்சு என்று சொல்லிக்கொள்ளலாம் அல்லவா? எத்தனையோ பேருக்குப் போயிருக்கிறது. கடைசியில் முகமும் காலும் வீங்கி, வாந்தி எடுத்து, மூச்சு வாங்கிப் போய்ச் சேர்ந்தான். அதற்கு மஞ்சள் காமாலை என்று பெயர் வைத்தோம். காதுக்கு ஒரு கதை, சாவுக்கு ஒரு கதை என்று இரண்டையும் தனித்தனியாகச் சொல்லிவந்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. சொல்லிச் சொல்லி எனக்கே பாதி மறந்துபோனது.

ரவிக்குக் காது குத்தியதை உனக்குச் சொன்னதே இல்லை. அப்போது அண்ணனுக்கு வீக்கம் வர ஆரம்பித்திருந்தது. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தானே குத்த வேண்டும், அதனால் முறையாகச் சொல்லி அனுப்பினோம். புதுச் சட்டை போட்டுக்கொண்டு, தட்டில் குழந்தைக்குத் துணி, தேங்காய், பழம், கம்மல் எல்லாம் வைத்து எடுத்துக்கொண்டு வந்தான். முகம் உப்பி, கண் இடுங்கிப்போய் இருந்தது. ஆசாரி ஏதோ கேட்கிறார், இவன் வேறு எதற்கோ தலையாட்டுகிறான். கூட்டத்தில் நாலு பேர் சிரித்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போனது. அது வெட்கம் மட்டும் இல்லை. அவன் மடியில் என் பிள்ளையை வைத்தால் அவனுக்கு இருப்பது இவனுக்கும் ஒட்டிக்கொள்ளும் என்று ஒரு மூடத்தனமான பயம். அது என் வயிற்றின் வழியாக எப்போதோ போய்விட்டது என்று அப்போது யாருக்குத் தெரியும். குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய் எங்கள் சித்தப்பா மகன் மடியில் உட்கார வைத்துவிட்டேன். அண்ணன் என்னைப் பார்த்தான். 'பாப்பா, நான் இங்க நிக்கறன்' என்றான், எனக்குத் தெரியாமல் போய்விட்டதோ என்று நினைத்து. நான் காதில் விழாதவள் மாதிரி இருந்துவிட்டேன். காது குத்தி முடிகிற வரைக்கும் அவன் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றான். அந்த வருஷமே போய்விட்டான்.

ரவி வளர்ந்தான். நீயும் பிறந்தாய். மாம்பழ சீசனில் நான் கூழ் கம்பெனிக்குப் போவேன், அப்பா ஒரு லேத் பட்டறையில் இருந்தார். அப்புறம் ஓசூரில் கம்பெனிகள் வரவும் இங்கே வந்தோம். கைக்குழந்தையாக இருந்தபோதே ரவியின் துணியில் அந்தக் கறையைப் பார்த்துவிட்டேன். சூடு என்று சொல்லி பார்லித் தண்ணீர் கொடுத்தேன், இளநீர் கொடுத்தேன், தலையில் எண்ணெய் வைத்தேன். சூடு என்ற ஒரு வார்த்தை நம் வீட்டில் எவ்வளவு வேலை பார்த்திருக்கிறது பார். அவன் பள்ளிக்கூடம் போன பிறகு வாத்தியார் கூப்பிட்டு, 'பையன் கவனிக்கறதே இல்லீங்க, கடைசி பெஞ்சுல உக்காந்து பராக்குப் பாக்கறான்' என்றார். வீட்டுக்குக் கூட்டிவந்து அடித்தேன். 'காது கேக்காத மாதிரி நடிக்கறயா, நடிக்கறயா' என்று கேட்டுக் கேட்டு அடித்தேன். நீ மூலையில் நின்று அழுதாய், உனக்கு நினைவிருக்கும். என் அண்ணன் பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்பாதவன் என்று தெரிந்த நான்தான் அப்படி அடித்தேன். அவன் நடிக்கிறான் என்று நான் உண்மையிலேயே நம்ப ஆசைப்பட்டேன். நடிப்பு என்றால் அடித்துத் திருத்திவிடலாம் பார்.

அவனுக்குப் பன்னிரண்டு வயது இருக்கும்போது கால் வீங்கியது. அப்பா பயந்துபோய் பெங்களூருக்குக் கூட்டிப்போனார். பெரிய ஆஸ்பத்திரி. டாக்டர் ஒரு வயசான கன்னடக்காரர், பொறுமையான மனுஷர். எல்லாம் பார்த்துவிட்டு, பையனுக்குக் காது சரியாகக் கேட்கிறதா என்று கேட்டார். அப்பா, 'அவன் ஒழுங்கா கவனிக்க மாட்டான் சார்' என்றார். டாக்டர் பேனாவை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். 'நிம்ம மனெயல்லி யாரிகாதரூ கிவி கேள்சல்வா? கிட்னி தொந்தரெ இத்தா?' என்று கேட்டார். உங்கள் வீட்டில் யாருக்காவது காது கேட்காமல் இருந்ததா, கிட்னிக் கோளாறு இருந்ததா என்று. பக்கத்தில் உன் அப்பா. அவருக்குப் பக்கத்தில் அவர் அக்கா, துணைக்கு வந்திருந்தாள். மாதையன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். 'யாரிகூ இல்லா சார்', யாருக்கும் இல்லை என்றேன். பொய்யைக் கன்னடத்தில் சொன்னால் பாதிப் பொய் என்று நினைத்தேனோ என்னவோ. அத்தை மட்டும் என்னை ஒரு பார்வை பார்த்தாள். 'உங்கண்ணனுக்குக் காது கேக்காதேம்மே' என்று தமிழில் சொன்னாள். 'அது வெடியில போனதுக்கா' என்றேன். அவள் விட்டுவிட்டாள். டாக்டர் எதையோ எழுதினார். தொண்டைப் புண்ணுக்குப் பிறகு வருகிற கோளாறாக இருக்கலாம், மாதா மாதம் வந்து காட்டுங்கள் என்று மாத்திரை கொடுத்தார். வீக்கம் வடிந்ததும் நாங்கள் போவதை நிறுத்திவிட்டோம். நிறுத்தியது நான்தான். மறுபடியும் அதே கேள்வியைக் கேட்டுவிடுவாரோ என்ற பயம்.

ரவி ஐடிஐ முடித்து வேலைக்குச் சேர்ந்த புதிதில் இரண்டு கிட்னியும் போய்விட்டது என்றார்கள். அந்தக் காலம் உனக்கு நன்றாக நினைவிருக்கும், வீட்டு வேலை முழுக்க நீதானே பார்த்தாய். அப்போது சொந்தக்காரர்கள் எல்லோரும் ஒரே பேச்சாகப் பேசினார்கள், ரத்த சொந்தத்தில் கட்டியதால்தான் இப்படி ஆனது என்று. உன் அப்பாவும் அதை நம்பினார். எனக்கு அது எவ்வளவு வசதியாக இருந்தது தெரியுமா? சொந்தத்தில் கட்டியது என்றால் பழியில் பாதி அவருக்கும் உண்டு. நான் தனியாகச் சுமக்க வேண்டியதில்லை. அவர் குற்ற உணர்ச்சியில் குறுகிப்போய் உட்கார்ந்திருந்தபோது பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக் கொடுத்தேனே தவிர, 'உங்க மேல தப்பு இல்ல' என்று சொல்லவில்லை.

ரவிக்குக் கிட்னி கொடுக்க நான்தான் முதலில் முன்வந்தேன். அதுவாவது செய்து கணக்கைத் தீர்த்துவிடலாம் என்று ஒரு எண்ணம். எல்லா டெஸ்டும் எடுத்தார்கள். ஒரு நாள் என்னை மட்டும் தனியாகக் கூப்பிட்டார்கள். இந்த முறை ஒரு பெண் டாக்டர், தமிழ் தெரிந்தவர். 'உங்க யூரின்லயும் ரத்தம் போகுதும்மா. கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு. உங்க வீட்டுல யாருக்கு இருந்துச்சு?' என்று கேட்டார். அந்த அறையில் நானும் அவரும் மட்டும்தான். அண்ணனைப் பற்றி முதல் முறையாக வாய் திறந்தேன். பாறை, காது, வீக்கம் எல்லாம் சொல்லி முடிக்கிறபோது அழுதுகொண்டிருந்தேன். அவர் ஒரு தாளில் வட்டமும் சதுரமுமாகப் போட்டுக்கொண்டே வந்தார். வட்டம் பெண், சதுரம் ஆணாம். அண்ணன் சதுரத்தைக் கருப்பாக அடித்தார். ரவி சதுரத்தையும் அடித்தார். என் வட்டத்தைப் பாதி அடித்தார். உன் வட்டத்தைப் போட்டு அதற்குள் ஒரு கேள்விக்குறி வைத்தார்.

அவர் சொன்னதை எனக்குப் புரிந்தபடி உனக்குச் சொல்கிறேன். கிட்னிக்குள்ளே ரத்தத்தை வடிகட்டுகிற சல்லடை ஒன்று இருக்கிறதாம். அது ஒரு வகை நாரால் ஆனது. அதே நார் காதுக்கு உள்ளேயும் இருக்கிறது. அதனால்தான் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத இரண்டு இடமும் சேர்ந்து கெடுகிறது. அந்த நாரை எப்படிச் செய்ய வேண்டும் என்று உடம்புக்குச் சொல்லிக்கொடுக்கிற மரபணு ஒன்று உண்டு, நம் வீட்டில் அதில்தான் பழுது. அது எந்த இடத்தில் இருக்கிறது என்பதையே இப்போதுதான் சில வருஷத்துக்கு முன்னால் கண்டுபிடித்தார்களாம். கூழ் கம்பெனியில் சல்லடை கிழிந்தால் நாரும் கொட்டைத் தூளும் கூழில் இறங்கிவிடும், உடனே மிஷினை நிறுத்துவோம். அதைச் சொன்னேன். 'அதேதாம்மா, ஆனா இத நிறுத்த முடியாது' என்றார். அந்த மரபணு இருக்கிற இழை பெண்களுக்கு இரண்டு, ஆண்களுக்கு ஒன்றுதான். அந்த ஒன்றும் அம்மா கொடுப்பது. எனக்கு ஒன்று பழுது, ஒன்று நல்லது. அதனால் நான் ஓட்டிக்கொண்டு போகிறேன், வயதானால் எனக்கும் கெடலாம். என் பிள்ளைகளுக்கு எது போகும் என்பது பாதிக்குப் பாதி. ரவிக்குப் பழுதுதான் போனது. அவனுக்கு வேறு மாற்று இல்லை. 'அப்ப சொந்தத்துல கட்டினதால இல்லயா டாக்டர்?' என்று கேட்டேன். 'சொந்தத்துல கட்டறதால வர்ற வகை ஒண்ணு இருக்கு. ஆனா உங்க அண்ணன், நீங்க, உங்க பையன்னு வரிசை வர்றதப் பாத்தா இது அது இல்ல. நீங்க யாரக் கட்டியிருந்தாலும் இது வந்திருக்கும்' என்றார். கடைசியாக ஒரு சின்ன பாட்டிலைக் கையில் கொடுத்து, 'உங்க பொண்ணு யூரினையும் டெஸ்ட் பண்ணணும், அடுத்த தடவ கூட்டிட்டு வாங்க' என்றார்.

வெளியே வந்தேன். பெஞ்சில் அப்பா உட்கார்ந்திருந்தார். என்ன ஆச்சு என்று கேட்டார். 'எனக்குக் குரூப் சேரலயாம்' என்றேன். அவர் ஒன்றும் யோசிக்கவில்லை, 'அப்ப எனக்குப் பாக்கச் சொல்லு' என்று எழுந்தார். அவர் கிட்னிதான் இன்றைக்கும் ரவி வயிற்றில் வேலை செய்கிறது. ஊரெல்லாம் அவரைப் புகழ்ந்தது. என்னைப் பார்த்து, பாவம், கொடுக்கத் துடித்தாள், கொடுத்து வைக்கவில்லை என்றார்கள். நானும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அந்தப் பாட்டில் நம் அடுப்படி அலமாரியில்தான் இருக்கிறது. அதில் கிராம்பு போட்டு வைத்திருக்கிறேன். நீ இங்கே இருந்த மாதங்களில் எத்தனையோ தடவை அதைத் திறந்திருப்பாய்.

உன்னை ஏன் கூட்டிப்போகவில்லை என்றால், அப்போது உனக்கு மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்திருந்தோம். சொந்தமே வேண்டாம், புது ரத்தம் வரட்டும் என்று அப்பா ஒரே பிடியாக நின்றார். உனக்காக அத்தை தன் மகனை வைத்துக்கொண்டு காத்திருந்தாள். அவளிடம் முகத்துக்கு நேராக இல்லை என்று சொல்லி, அக்கா தம்பி உறவே அறுந்தது. அவள் இன்றைக்கும் நம் வாசல்படி மிதிப்பதில்லை. அது எல்லாம் வீண் என்று எனக்குத் தெரியும். அந்நியத்தில் கொடுத்தாலும் அது உன்னோடுதான் வரும் என்று அந்த டாக்டர் வட்டம் போட்டுக் காட்டியிருந்தார். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அத்தையின் உறவாவது மிஞ்சியிருக்கும். கல்லாவியிலிருந்து பெண் பார்க்க வந்தபோது உன் மாமியார் நேராகவே கேட்டார்கள். 'பையனுக்கு இப்பிடி ஆயிருக்குதே, பொண்ணுக்கு ஒண்ணும் இல்லயே?' அப்பா, 'அது சொந்தத்துல கட்டினதால வந்ததுங்க, பொண்ணு நல்லா இருக்குது' என்று மனசாரச் சொன்னார். அவர் பொய் சொல்லவில்லை. நான் காபி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். அந்தக் கேள்விக்குறி பாதிக்குப் பாதிதானே, நல்லதாகவே இருந்துவிடும் என்று சாமியைக் கும்பிட்டேன். டெஸ்ட் எடுக்காமல் இருந்தால் அது நல்லதாகவே இருக்கும் என்று ஒரு கணக்கு.

போன வாரம் உன் மாமியார் உன்னையும் பேரனையும் அழைத்துப்போக வந்தார்கள் அல்லவா? நீ துணிமணி எடுத்து வைத்துக்கொண்டிருந்தபோது என்னைத் தனியாகக் கூப்பிட்டார்கள். 'சம்பந்தி, தப்பா எடுத்துக்காதீங்க. அடுத்த மாசம் கொழந்தைக்குக் காது குத்தறம். உங்க பையன் ஒடம்புக்கு முடியாதவன். காதுல மிஷினு வேற மாட்டிருக்கறான். நாலு பேரு பாக்கற எடம். மஞ்சுவோட பெரியப்பா மகன் யாராச்சும் மடியில வெச்சுக்கட்டும். தம்பி சும்மா வந்து சாப்பிட்டுப் போவட்டும்' என்றார்கள். என்னிடமா சொல்கிறார்கள், என் வாயிலிருந்து எடுத்தா சொல்கிறார்கள் என்று எனக்கே புரியவில்லை. ஒரு வார்த்தை அவர்கள் தப்பாகச் சொல்லவில்லை, எல்லாம் நான் என் அண்ணனைப் பற்றி அன்றைக்கு நினைத்தவைதான். 'சரிங்க சம்பந்தி' என்று தலையாட்டினேன், மஞ்சு. அன்றைக்கும் அப்படி, இன்றைக்கும் அப்படி. நீங்கள் பஸ் ஏறிப் போன பிறகு பின்பக்கம் கொடியில் குழந்தையின் துணி ஒன்று மறந்துபோய்த் தொங்கியது. வெள்ளை வெளேரென்று இருந்தது.

முதலில் ரவியிடம்தான் சொன்னேன். அவன் பக்கத்தில் உட்கார்ந்து, அவன் உதட்டைப் பார்க்கிற மாதிரி நேராக முகத்தை வைத்துக்கொண்டு, எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தான். நான் முடித்ததும் திட்டுவான் என்று எதிர்பார்த்தேன். 'அப்ப நான் நடிக்கலன்னு ஒனக்குத் தெரியுமா?' என்றான். அவ்வளவுதான் கேட்டான். ஆமாம் என்று தலையாட்டினேன். 'பாப்பாகிட்ட பையன அடிக்காம இருக்கச் சொல்லு' என்றான். உன்னை இன்னும் பாப்பா என்றுதான் சொல்கிறான், கவனித்திருக்கிறாயா? என் அண்ணனும் என்னை அப்படித்தான் கூப்பிடுவான்.

அப்பாவிடமும் சொல்லிவிட்டேன். 'மொதல்ல கொழந்தைக்கு என்னன்னு பாரு' என்று சொன்னவர்தான், அதற்கப்புறம் என்னோடு பேசவில்லை. தட்டை வைத்தால் சாப்பிடுகிறார், எழுந்து போகிறார். நேற்று சைக்கிளை எடுத்துக்கொண்டு அத்தை வீட்டுக்குப் போயிருக்கிறார். இத்தனை வருஷம் கழித்து. அங்கே என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது, கேட்கிற யோக்கியதையும் எனக்கு இல்லை. அவர் பேசுகிறபோது பேசட்டும்.

இப்போது நீ செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். குழந்தையைக் கூட்டிக்கொண்டு மாப்பிள்ளையோடு பெங்களூருக்குப் போ. அந்தப் பெண் டாக்டர் இன்னும் அங்கேதான் இருக்கிறார், ரவிக்கு அவரைத் தெரியும், அவன் வழி காட்டுவான். உன் மூத்திரத்தையும் காட்டு. குணப்படுத்த மருந்து இல்லை என்றார் அவர், அதை உன்னிடம் மறைக்கமாட்டேன். ஆனால் ஆரம்பத்திலேயே தெரிந்தால் பிரஷர் ஏறாமல் பார்த்துக்கொள்ளலாம், கிட்னியைப் பல வருஷம் காப்பாற்றலாம், காதுக்கு நேரத்தில் மிஷின் வைத்துப் பள்ளிக்கூடத்தில் முன் பெஞ்சில் உட்கார வைக்கலாம் என்றார். ரவிக்கு அது எதையும் நான் கிடைக்கவிடவில்லை. ஒருவேளை என் கண்தான் தப்போ என்னவோ, குழந்தைக்கு ஒன்றும் இல்லை என்று வந்தால் இந்தக் கடிதத்தை என் முகத்தில் வீசிவிடு, சந்தோஷமாக வாங்கிக்கொள்கிறேன். வீட்டில் சத்தம் போடுவார்கள். மறைத்துக் கட்டிக்கொடுத்துவிட்டார்கள் என்பார்கள். உண்மைதானே? எனக்குத் தெரியாது, என் அப்பாவுக்கும் தெரியாது, எல்லாம் என் அம்மா செய்தது என்று சொல். உன் மாமியார் காலில் விழ வேண்டுமென்றால் நான் வந்து விழுகிறேன். மாப்பிள்ளை நிதானமானவர், அவரிடம் முதலில் இந்தக் கடிதத்தையே கொடுத்துவிடு. அடுத்த குழந்தையைப் பற்றி நீங்கள் இரண்டு பேரும் டாக்டரிடம் பேசி முடிவு செய்யுங்கள். அதில் என் யோசனை எதையும் கேட்காதே.

டாக்டர் உன்னிடமும் அந்தக் கேள்வியைக் கேட்பார். உங்கள் வீட்டில் யாருக்காவது இருந்ததா என்று. பக்கத்தில் யார் நின்றாலும் சரி, பேர் சொல்லிப் பதில் சொல். என் மாமா மாதையன், என் அண்ணன் ரவி, என் அம்மா என்று சொல். மாதையன் பெயரை ஒரு டாக்டர் எழுதிக்கொள்வதை நான்தான் தடுத்தேன், நீ எழுதவை. எனக்கும் இப்போது காது குறைகிறது. குக்கர் விசில் கேட்பதில்லை, சாதம் அடிபிடித்த வாசனை வந்தால்தான் ஓடுகிறேன். அதையும் சொல்.

காது குத்துக்கு நான் சொன்ன 'சரி'யை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். சம்பந்தியிடம் நானே நேரில் வந்து சொல்வேன். ஆனால் அதற்கு முன்னால் இன்றைக்கு ஒரு வேலை இருக்கிறது உனக்கு. இந்தக் கடிதத்தைக் கொண்டுவருகிறவன் குழந்தைக்குச் சட்டையும் ஒரு சீப்பு பழமும் வாங்கிக்கொண்டுதான் வருவான், நான் சொல்லவில்லை, அவனாகவே கிருஷ்ணகிரியில் இறங்கி வாங்குவான், எனக்குத் தெரியும். நீ கதவைச் சாத்திக்கொண்டு இதைப் படிக்கிற நேரம் அவன் வெளியே பையைப் பிடித்துக்கொண்டு நின்றிருப்பான். உள்ளே வா என்று பின்னாலிருந்து கூப்பிட்டால் அவனுக்குக் கேட்காது, எதிரே போய்க் கூப்பிடு. உட்கார வை. பிள்ளையைத் தூக்கி அவன் மடியில் கொடு. என் அண்ணன் தட்டோடு நின்றுகொண்டே இருந்தான். ரவியை நிற்க வைக்காதே, மஞ்சு.

அம்மா